சிட்ரஸ் பழங்கள்: தெரிந்து வாங்க, கெடாமல் வைக்க, சத்தை வீணாக்காமல் சாப்பிட

சமையல் குறிப்பு ஒன்றைப் படிக்கிறீர்கள். 'லெமன் ஒன்று, சாறு பிழிந்தது' என்று போட்டிருக்கிறது. கையில் இருப்பதோ மெல்லிய தோலுள்ள சிறிய எலுமிச்சை. இரண்டும் ஒன்றுதானே என்று பிழிந்துவிடுகிறோம். ஒன்றல்ல. தமிழில் இரண்டையும் எலுமிச்சை என்றே சொல்லிப் பழகியதால் வரும் குழப்பம் இது. லெமன் முட்டை அளவுக்கு இருக்கும், தோல் தடித்த மஞ்சள். நம் சிறு எலுமிச்சை லைம் என்ற வேறு மரத்தின் பழம். அளவிலும் மணத்திலும் சத்திலும் இரண்டும் வேறு வேறு.

சிட்ரஸ் குடும்பம் முழுக்க இப்படித்தான். பெயர் ஒன்றைச் சொல்லும், பழம் வேறாக இருக்கும். நிறமும் சேர்ந்து ஏமாற்றும். அதனால் இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகுவோம்.

படி 1: குடும்பத்தில் யார் யார்?

சிட்ரஸ் மரங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை. ஒரு வகையின் மகரந்தம் இன்னொரு வகையின் பூவில் சேர்ந்தால் புது வகை பிறந்துவிடும். இன்று நாம் சாப்பிடும் பழங்களில் பெரும்பாலானவை இப்படிக் கலந்து வந்தவையே. இந்தக் குடும்பத்தின் தாயகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அசாமின் கிழக்கு, மியான்மரின் வடக்கு, சீனாவின் யுன்னான் மாகாணத்தின் மேற்கு ஆகியவை சேரும் இடம் என்று 2018-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளைகள் பிரியத் தொடங்கினவாம்.

மூத்தவர்கள் மூன்று பேர். முதலில் பம்பளிமாஸ். குடும்பத்திலேயே பெரிய பழம், மெத்தை போன்ற தோல், பருத்த சுளைகள். அடுத்தது மாண்டரின். கொஞ்சம் தட்டையாக, கையாலேயே உரிகிற தோலோடு இருக்கும். கமலா ஆரஞ்சு இந்தக் கிளைதான். மூன்றாவது சிட்ரான். கரடுமுரடான தோல், உள்ளே பெரும்பகுதி வெள்ளைச் சதை, சாறு பேருக்குத்தான். நாரத்தை, கடாரங்காய் என்ற பெயர்கள் இடத்துக்கு இடம் வேறு வேறு பழங்களைக் குறிப்பதால், இதை இங்கே சிட்ரான் என்றே அழைக்கிறேன்.

மற்றவை பெரும்பாலும் இந்த மூவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். பம்பளிமாஸும் மாண்டரினும் கலந்து வந்தவை ஆரஞ்சுகள். புளிப்பு ஆரஞ்சும் சரி, இனிப்பு ஆரஞ்சும் சரி. புளிப்பு ஆரஞ்சும் சிட்ரானும் சேர்ந்தது லெமன். சிட்ரானோடு மைக்ரந்தா என்ற காட்டு வகை சேர்ந்தது சிறு எலுமிச்சை. இனிப்பு ஆரஞ்சு மறுபடி பம்பளிமாஸோடு சேர்ந்து பிறந்தது கிரேப்ஃப்ரூட். இது 18-ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் தற்செயலாக உருவானது. திராட்சை மாதிரிக் கொத்தாகக் காய்ப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். மற்றபடி திராட்சைக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

சாத்துக்குடியை ஆங்கிலத்தில் ஸ்வீட் லைம் என்று பலர் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டால் எலுமிச்சை இனம் போலிருக்கும். தாவரவியல்படி அது இனிப்பு ஆரஞ்சில் ஒரு வகை. புளிப்பு குறைவு, அவ்வளவுதான். டாஞ்சரின், கிளெமென்டைன், சட்சுமா ஆகிய பெயர்களைப் பார்த்தால் மிரள வேண்டாம், எல்லாம் மாண்டரின் கிளைதான். விரல்நுனி அளவுக்கு நீள்வட்டமாகக் கும்குவாட் என்று ஒன்று வரும். அதைத் தோலோடு அப்படியே சாப்பிட வேண்டும். இனிப்பு தோலில், புளிப்பு உள்ளே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு என்ற ஆங்கிலச் சொல் வடமொழியின் 'நாரங்க', பாரசீகத்தின் 'நாரங்', அரபியின் 'நாரஞ்' என்று கைமாறி ஐரோப்பாவுக்குப் போனது. அந்த 'நாரங்க' என்பதே திராவிட மொழிகளிலிருந்து போயிருக்கும் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. நாரத்தை என்று சொல்லிப் பாருங்கள், உறவு காதிலேயே கேட்கும்.

படி 2: எதற்கு வாங்குகிறீர்கள்?

உரித்து அப்படியே சாப்பிட என்றால் மாண்டரின். குழந்தைகள் கையிலும் கொடுக்கலாம். ஆனால் விதை உள்ள வகையா என்று முதலில் ஒரு சுளையைப் பிரித்துப் பாருங்கள். புளிப்புக்கு லெமனோ சிறு எலுமிச்சையோ. தோலின் மணம் வேண்டுமென்றால் லெமன், புளிப்பு ஆரஞ்சு, சிட்ரான். கசப்பு பிடிக்கும் என்றால் கிரேப்ஃப்ரூட். கசப்பும் வேண்டாம், அதிகப் புளிப்பும் வேண்டாம் என்றால் பம்பளிமாஸ். அதன் சுளையின் மேலுள்ள தடித்த தோலையும் உரித்துவிட்டு உள்சதையை மட்டும் சாப்பிடவேண்டும். தோலோடு மென்றுவிட்டு 'கசக்கிறது' என்று ஒதுக்கியவர்கள் நிறைய.

சாறு பிழிய வாங்குபவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். கடைகளில் கிடைக்கும் இனிப்பு ஆரஞ்சில் இரண்டு பெயர்களைக் கேள்விப்படுவீர்கள்: நேவல், வாலென்சியா. பழத்தின் அடியில் தொப்புள் போலக் குழிந்து, உள்ளே குட்டிச் சுளைகள் மடங்கி இருந்தால் அது நேவல். விதை கிடையாது, உரிக்கச் சுலபம், சாப்பிட அருமை. பிரேசிலின் பாயியாவில் ஒரு மரத்தில் தானாக நேர்ந்த மாற்றம் அது. விதையில்லாத பழத்தை விதை போட்டு வளர்க்க முடியாதல்லவா, அதனால் அன்றிலிருந்து இன்றுவரை ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள்.

ஆனால் பிழிந்து வைக்க நேவல் உதவாது. ஒருமுறை காலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று இரவே ஒரு குடுவை பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து. பழம் கெட்டுவிட்டது என்று நினைத்து மிச்சத்தையும் கொட்டினேன். பழத்தின் மேல் தப்பில்லை. நேவலின் சதையில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழியும்போது அது சாற்றின் புளிப்போடு கலந்து, சில மணி நேரத்தில் லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறிவிடும். வாலென்சியாவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சாறு எடுக்கும் தொழிற்சாலைகள் அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் இருப்பது நேவல்தான் என்றால் பிழிந்தவுடன் குடித்துவிடுங்கள்.

படி 3: தூக்கிப் பார்த்து எடுங்கள்

ஒரே அளவில் இரண்டு பழங்களை இரண்டு கையிலும் எடுங்கள். கனமாக இருப்பதில்தான் சாறு. இந்த ஒரு சோதனை போதும் என்றே சொல்வேன். சிறு எலுமிச்சையில் தோல் வழுவழுப்பாக, மெல்லியதாக, அமுக்கினால் லேசாகக் கொடுக்க வேண்டும். மாண்டரினில் தோல் தளர்வாக இருப்பது இயல்பே. ஆனால் உள்ளே காற்றடைத்தது போல் தொளதொளவென்று இருந்தால் சுளை வறண்டிருக்கும்.

நிறம்? பச்சை என்றால் காய், ஆரஞ்சு நிறம் என்றால் பழம் என்ற கணக்கு இங்கே செல்லாது. தோலின் பச்சை மறைவதற்கு இரவுக் குளிர் வேண்டும். வெப்பமான இடங்களில் விளையும் ஆரஞ்சு உள்ளே நன்றாகக் கனிந்தும் வெளியே பச்சையாகவே நிற்கும். வாலென்சியா மரத்திலேயே ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிட்டு, வெயில் ஏறியதும் மறுபடி பச்சை படர்வதும் உண்டு. மறுபக்கம், பறித்த பழத்தை எத்திலீன் வாயுவில் வைத்துப் பச்சையைப் போக்குவதும் வழக்கம். அது தோலின் நிறத்தை மாற்றுமே தவிர உள்ளே இனிப்பைக் கூட்டாது.

மாம்பழம், வாழை போல இவை பறித்த பிறகு பழுப்பதில்லை. புளித்த ஆரஞ்சைப் பத்து நாள் வைத்தாலும் சர்க்கரை ஏறாது. எனவே 'வீட்டில் வைத்தால் இனித்துவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உள்ளே சிவந்த வகைகளுக்கும் ஒரு வார்த்தை. பிளட் ஆரஞ்சின் ரத்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி, நாவல் பழத்தில் இருக்கும் நிறமி வகையைச் சேர்ந்தது. அது ஏறக் குளிர்ந்த இரவுகள் தேவை. சிவப்புக் கிரேப்ஃப்ரூட்டில் இருப்பதோ தக்காளியின் லைக்கோபீன். பார்க்க ஒரே சிவப்பு, சங்கதி வேறு.

படி 4: எங்கே வைப்பது

நாலைந்து நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியே, காற்றோட்டமான கூடையில் இருக்கட்டும். அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டி. ஆரஞ்சு மூன்று நாலு வாரம் தாங்கும். சிறு எலுமிச்சை தோல் மெல்லியது என்பதால் சீக்கிரம் வறண்டு கல்லாகிவிடும். அதை மட்டும் மூடிய டப்பாவிலோ பையிலோ போட்டு வையுங்கள். ஈரம் இருக்கக் கூடாது.

வாரத்துக்கு ஒருமுறை கூடையைக் கிளறிப் பாருங்கள். பச்சையாகவோ நீலமாகவோ பொடி படர்ந்த பழம் ஒன்று இருந்தால் பக்கத்துப் பழத்துக்கும் தொற்றும். அதை உதறாமல் அப்படியே எடுத்து எறிந்துவிட்டு, தொட்டுக்கொண்டிருந்தவற்றைக் கழுவித் துடைத்து முதலில் தீர்த்துவிடுங்கள். கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடும் சிக்கனம் வேண்டாம். ஆரஞ்சு போல சாறு நிறைந்த பழத்தில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிப் போயிருக்கும்.

எலுமிச்சை நிறைய வந்துவிட்டால் பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். கட்டியான பிறகு பையில் மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: கழுவு, சீவு, அப்புறம் பிழி

இந்த வரிசை முக்கியம். தோல் வேண்டாம் என்றாலும் கழுவுங்கள், கத்தி தோலிலிருந்துதானே உள்ளே போகிறது. பளபளக்கும் பழங்களின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள், பூஞ்சை வராமலிருக்க மருந்தும் சேர்ந்திருக்கலாம். தோலைச் சமையலில் சேர்ப்பதாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். மருந்தடிக்காத பழம் கிடைத்தால் தோலுக்கு அதுவே நல்லது.

தோலின் நிறமுள்ள மேல்பகுதியில் மட்டும்தான் மணம். சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள் அங்கே இருக்கின்றன. ஆரஞ்சுத் தோலை மடக்கினால் பீய்ச்சியடிக்கிறதே, அதுதான். (அந்த எண்ணெயை ஊதிய ரப்பர் பலூன் மேல் பீய்ச்சினால் பலூன் வெடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் செய்து காட்டுங்கள்.) அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதி கசப்பு. துருவும்போது வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிடுங்கள். முழுப் பழமாக இருக்கும்போதே துருவுங்கள். பிழிந்த பிறகு துருவப் போனால் தோல் வழுக்கி விரல்தான் சீவப்படும்.

பிழிவதற்கு முன் பழத்தை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். உள்ளே சாறு நிறைந்த நுண்பைகள் கொஞ்சம் உடைந்து கொடுக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது என்றால் சற்று வெதுவெதுப்பான நீரில் போட்டு வைத்து எடுத்தால் சாறு சுலபமாக வரும். வெட்டுவதில் ஒரு கை வித்தை: நடுத்தண்டின் மேல் கத்தியை வைக்காமல் கொஞ்சம் ஒதுங்கி வெட்டினால் பிழிய எளிது, விதையும் குறைவாக விழும்.

பிழிந்த சாற்றைச் செம்பு, அலுமினியம் பாத்திரத்தில் வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கும். கண்ணாடி, ஸ்டீல் இரண்டும் நல்லது. சூடான பண்டத்தில் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். வைட்டமின் சி-க்கு வெப்பமும் ஆகாது, காற்றும் ஆகாது. கொதித்தால் மணமும் போய்விடும்.

படி 6: சத்துக் கணக்கு

100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் வைட்டமின் சி ஏறக்குறைய 53 மில்லிகிராம். பம்பளிமாஸில் 61, கிரேப்ஃப்ரூட்டில் 31, மாண்டரினில் 27. லெமனில் 53 இருக்க, சிறு எலுமிச்சையில் 29 தான். ஒரு நாளுக்கு வயது வந்தவருக்கு 45 மில்லிகிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அமெரிக்காவில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 75 என்று வைத்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நடுத்தர அளவு ஆரஞ்சு ஒன்றில் கிடைக்கும் 70 மில்லிகிராம் பெரும்பங்கைக் கொடுத்துவிடும்.

எலுமிச்சைச் சாறு கலந்த நீரை வைட்டமின் சி-யின் சுரங்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சிறு எலுமிச்சையில் சுமார் 20 மில்லி சாறு வரும். அதில் இருக்கும் வைட்டமின் சி ஆறு மில்லிகிராம். தாகத்துக்கு நல்லது, நாக்குக்கு நல்லது, அன்றைய தேவைக்குப் போதாது.

இந்த லெமன், லைம் வித்தியாசத்துக்கு உயிரையே விலையாகக் கொடுத்த வரலாறு உண்டு. நீண்ட கடல் பயணங்களில் ஈறு வீங்கி, பழைய காயங்கள் பிளந்து மாலுமிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கர்வி நோய். 1747-இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் நோயாளிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும் தின்ற இருவரும்தான் சட்டென்று தேறினார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாற்றை எல்லாருக்கும் கொடுக்க 1795 வரை ஆனது. நோய் ஏறத்தாழ ஒழிந்தது. பிறகு 1860-களில் லெமனை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறினார்கள். புளிப்புதானே மருந்து, இது இன்னும் புளிப்பாயிற்றே என்ற எண்ணம். மருந்து புளிப்பில் இல்லை. சத்தும் பாதி, சேமித்து வைத்த விதத்தில் மிச்சமும் போனது. 1875-இல் வடதுருவப் பக்கம் போன கப்பல்களில் ஸ்கர்வி திரும்பி வந்தது. உண்மையான பொருளான வைட்டமின் சி-யைப் பிரித்தறிந்த ஆராய்ச்சிக்காக ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி நோபல் பரிசு பெற்றது 1937-இல்தான்.

வைட்டமின் சி உடலில் என்ன செய்கிறது? தோல், ஈறு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டும் கொலாஜன் என்ற புரதம் உருவாக அது வேண்டும். பெரும்பாலான விலங்குகள் இதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். மனிதருக்கு அந்தத் திறமை இல்லை. அப்புறம், கீரை, பயறு போன்றவற்றில் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளையில் ஆரஞ்சோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். அதே வேளை என்பதைக் கவனியுங்கள். காலையில் பழம், இரவில் கீரை என்றால் அந்தப் பலன் இல்லை.

சளிக்கு? தொடர்ந்து வைட்டமின் சி மாத்திரை எடுத்துவருபவர்களுக்குச் சளி பிடித்திருக்கும் நாட்கள் சராசரியாக 8 விழுக்காடு குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. சளி வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை. மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு ஆரஞ்சைத் தேடி ஓடுவதில் பெரிய பலன் கிடையாது. எலுமிச்சை நீர் கொழுப்பைக் கரைக்கும் என்பதும், ரத்தத்தின் அமிலத்தைக் குறைத்துக் காரத்தன்மை ஆக்கும் என்பதும் வெறும் பேச்சு. ரத்தத்தின் அமிலநிலையை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. மாறுவது சிறுநீர்தான். அதில் ஒரு நன்மை உண்டு: எலுமிச்சையின் சிட்ரேட் சிறுநீரில் சேரும்போது கால்சியம் கற்கள் உருவாவது குறைகிறது.

கடைசியாக, சாறா பழமா என்ற கேள்வி. ஒரு கண்ணாடிக் குவளைச் சாற்றுக்கு மூன்று நாலு ஆரஞ்சு வேண்டும். நாலு ஆரஞ்சை உரித்து உட்கார்ந்து தின்பவர் யார்? ஆனால் குடிப்பது ஒரு நிமிடம். 100 கிராம் பழத்தில் 2.4 கிராம் நார்ச்சத்து என்றால் அதே அளவு சாற்றில் 0.2 கிராம்தான் மிஞ்சும். சர்க்கரை மட்டும் அப்படியே இருக்கும். சுளையின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரையும் பொறுமையாகப் பிய்த்து எறியாதீர்கள். பெக்டின் என்ற கரையும் நார்ச்சத்தும் ஹெஸ்பெரிடின் என்ற தாவரப் பொருளும் அங்கேதான் இருக்கின்றன.

படி 7: யார் கவனமாக இருக்க வேண்டும்

மாத்திரை சாப்பிடுபவர்கள் கிரேப்ஃப்ரூட்டுக்கு முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுவிடுங்கள். சில மருந்துகளைக் குடலிலேயே ஓரளவு சிதைத்து அளவைக் குறைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. கிரேப்ஃப்ரூட் அதை முடக்கிவிடும். ஒரு மாத்திரை விழுங்கினால் பல மாத்திரை விழுங்கியது போல ரத்தத்தில் ஏறலாம். இதுவும் தற்செயலாகத் தெரிய வந்ததே: கனடாவில் ரத்த அழுத்த மருந்து ஒன்றை மதுவோடு சேர்த்துச் சோதித்தபோது, மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியது. கொழுப்புக்கான சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் முதலியவை இந்தப் பட்டியலில் உண்டு. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொள்வதும் உதவாது, அதன் விளைவு ஒரு நாளைக்கு மேலும் நீடிக்கும். பம்பளிமாஸும் புளிப்பு ஆரஞ்சும் அதே குணம் உள்ளவை. சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்கு இந்தக் குணம் இல்லை.

சிறுநீரகம் பழுதுபட்டு, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் ஆரஞ்சின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பல்லுக்கு: சாப்பிட்ட உடனே பல் துலக்காதீர்கள். புளிப்பில் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும், பிரஷ் அதைத் தேய்த்துவிடும். வெறும் நீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

சிறு எலுமிச்சையை வெயிலில் உட்கார்ந்து பிழியும் வேலை இருந்தால் இன்னும் ஒன்று. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருட்கள் நம் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் ஓரிரு நாளில் தீப்புண் போலக் கொப்புளம் எழும்பும். தழும்பு கறுத்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் வெயிலுக்குப் போங்கள்.